இடைத்தர நகரில் தொழில்முறை உதைபந்தாட்டக் கழகம்: உரிமையாளர் குழு முதலில் எதைக் கட்ட வேண்டும்?

வினவியவர்: வெள்ளவத்தைக் கணக்கர்

வணக்கம். இது விளையாட்டைப் பற்றிய கேள்வியா, வியாபாரத்தைப் பற்றிய கேள்வியா என்று எனக்கே தெளிவில்லை. இரண்டையும் அறிந்தவர்கள் இங்கே இருப்பதால் கேட்கிறேன்.

நாங்கள் ஆறு பேர். மூவர் கொழும்பில், இருவர் ரொறன்ரோவில், ஒருவர் லண்டனில். ஆறு பேரும் மட்டக்களப்பில் ஒன்றாகப் படித்து, ஒரே பாடசாலை அணியில் ஆடி, பின்னர் ஆளுக்கொரு திசையில் பிரிந்தாலும் மாதம் ஒரு தடவை தொலைபேசியில் கூடுபவர்கள். போன வருடம் ஒரு நண்பரின் தந்தையாரின் அந்தியேட்டிக்காக ஊருக்குப் போயிருந்தபோது, மாலையில் வாவிக்கரையில் நின்று பேசிய பேச்சில் தொடங்கியது இந்த எண்ணம்: ஊரின் பெயரில், ஆட்டக்காரருக்கு மாதச் சம்பளம் கொடுக்கும், நாட்டின் மேல்நிலைப் போட்டித்தொடரில் ஆடத்தக்க ஒரு கழகத்தை உருவாக்குவது. 2021 இல் தொடங்கிய சுப்பர் லீக்கில் ஆடிய பத்து அணிகளில் வடக்கு, கிழக்கு மாகாணங்களிலிருந்து ஒன்றுகூட இல்லை என்பது எங்கள் எல்லோருக்கும் உறுத்தலாகவே இருக்கிறது. அதேவேளை அந்தப் பருவத்தின் பட்டத்தைக் களுத்துறையின் புளூ ஸ்டார் வென்றதையும் பார்த்தோம். தலைநகரில் இல்லாத ஒரு கழகத்தால் முடியும் என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை.

ரொறன்ரோ நண்பர் ஒருவர் அமெரிக்காவின் இடைத்தர நகரங்களில் உரிமையாளர் குழுக்கள் கழகங்களைக் கட்டிய கதைகளை வாரந்தோறும் அனுப்பிக்கொண்டிருக்கிறார். அவற்றில் ஒன்றான லூயிவில் நகரம் அமைந்துள்ள ஜெபர்சன் மாவட்டத்தில் 2020 கணக்கெடுப்பின்படி சுமார் 7 லட்சத்து 83 ஆயிரம் பேர். மட்டக்களப்பு மாவட்டத்தில் 2012 இலேயே 5 லட்சத்து 25 ஆயிரத்துக்கு மேற்பட்டோர். ஆகவே அங்கே நடந்தது இங்கேயும் நடக்கும் என்பது அவருடைய வாதம். திட்டத்தை எழுதும் பொறுப்பு கணக்காளன் என்பதால் என் தலையில் விழுந்தது. ஆட்டக்காரர் சம்பளம், பயிற்றுநர், பேருந்து, சீருடை, மருத்துவம் என்று நிரல்களைப் போட்டு நிரப்பிக்கொண்டே வந்து, ‘மைதானம்’ என்ற நிரலுக்கு வந்ததும் ஒரு கேள்விக்குறியைப் போட்டேன். மூன்று மாதமாக அந்தக் கேள்விக்குறி அப்படியே இருக்கிறது.

என்னுடைய கேள்விகள் இவை. அமெரிக்க வழிமுறையில் எங்களுக்குப் பொருந்துவது எது, பொருந்தாதது எது? அணியை முதலில் திரட்டுவதா, மைதானத்தை முதலில் தேடுவதா? ஆறு பேருக்கும் சம பங்கு என்று பேசியிருக்கிறோம்; அது சரியா?

மறுமொழி: லூயிவிலில் இருந்தவன்

கணக்கர் அவர்களுக்கு வணக்கம். 2014 முதல் 2019 வரை வேலை நிமித்தம் லூயிவிலில் குடும்பத்தோடு இருந்தேன். இப்போது தெகிவளையில் இருக்கிறேன். லூயிவில் சிட்டி என்ற அந்த ஊர்க் கழகம் பிறந்ததை நேரில் பார்த்தவன் என்ற முறையில் சிலவற்றைச் சொல்கிறேன்.

முதலில் உங்கள் நண்பரின் ஒப்பீடு. தலைகளை எண்ணிப் பயனில்லை; ஒரு குடும்பம் மாத முடிவில் கேளிக்கைக்கென்று எடுத்து வைக்கக்கூடிய பணத்தை எண்ண வேண்டும். லூயிவிலில் நால்வர் கொண்ட குடும்பம் சனிக்கிழமை மாலை ஆட்டத்துக்கு வந்து, நுழைவுச்சீட்டு, வாகனத் தரிப்பிடம், உணவு, பிள்ளைக்கு ஒரு கழுத்துத்துண்டு என்று செலவழித்துவிட்டுப் போகும். மட்டக்களப்பில் வாசலில் வசூலிக்கும் பணத்தில் அன்றைய காவலாளிகளுக்கும் மின்சாரத்துக்கும் கொடுத்து மிச்சம் இருந்தால் அதுவே பெரிது. எனவே வாசல் வருமானத்தை உங்கள் நிரலில் பூச்சியமாகப் போட்டுப் பாருங்கள். அதற்குப் பின்னும் திட்டம் நிற்கிறதா என்பதுதான் கேள்வி.

அமெரிக்காவில் கவனிக்க வேண்டியது கழகங்களின் கதைகளைவிட, அவற்றை உள்ளே விடும் விதிகள். அங்குள்ள உதைபந்தாட்டச் சம்மேளனம் தொழில்முறை லீக்குகளுக்கு எழுதிய தராதர விதிகளின்படி, இரண்டாம் நிலையில் ஆடும் கழகத்துக்கு ஆகக் குறைந்தது 35 வீதப் பங்கை வைத்திருக்கும் பிரதான உரிமையாளர் ஒருவர் இருக்க வேண்டும். அவர் குடியிருக்கும் வீட்டையும் கழகத்தில் உள்ள பங்கையும் கழித்துவிட்டு, அவருடைய நிகர சொத்து 20 மில்லியன் டொலராக இருக்க வேண்டும். மூன்றாம் நிலைக்கு அது 10 மில்லியன். இரண்டாம் நிலைக்கு 5,000 இருக்கைகள் கொண்ட அரங்கும், மூன்றாம் நிலைக்கு 1,000 இருக்கைகளும் வேண்டும். இவற்றுக்கு மேல் ஒரு பிணைப்பணமும் உண்டு: இரண்டாம் நிலையில் 7 லட்சத்து 50 ஆயிரம் டொலர், மூன்றாம் நிலையில் 2 லட்சத்து 50 ஆயிரம் டொலர். பருவத்தின் நடுவில் உரிமையாளர் கைவிரித்தால் கடமைகளைத் தீர்ப்பதற்கான பணம் அது. இந்தத் தொகைகள் உங்களுக்குப் பொருந்தா. ஆனால் அந்த விதிகளுக்குப் பின்னால் உள்ள அனுபவம் அப்படியே பொருந்தும். நட்டம் வரும் என்பதை அங்கே யாரும் மறைப்பதில்லை. அந்த நட்டத்தை யார் தாங்குவார், எத்தனை ஆண்டு தாங்குவார் என்பதைத்தான் முதலில் கேட்கிறார்கள்.

லூயிவில் சிட்டி 2015 இல் ஆடத் தொடங்கியபோது அதற்குச் சொந்த அரங்கு இல்லை. நகரின் பேஸ்போல் அரங்கில் வாடகைக்கு ஆடியது. 2016 கோடையில் மகனோடு ஒரு ஆட்டத்துக்குப் போனேன். பேஸ்போலுக்கான செம்மண் பரப்பின் மேல் புற்றரைத் துண்டுகளைப் பதித்திருந்தார்கள். புதுப் புல் கடும் பச்சையாகவும் பழைய புல் வெளிறியும் இருந்ததால் ஒட்டு எங்கே என்று மேலிருந்தே தெரிந்தது. அந்த ஒட்டைக் கடக்கும் பந்து சில வேளை துள்ளும், சில வேளை சோர்ந்து நிற்கும். உள்ளூர் ஆட்டக்காரர் அதைப் பழகியிருந்தார்கள். வந்த அணிதான் திண்டாடியது. மகனுக்குப் பெரிய மகிழ்ச்சி. வாடகைக்கு ஆடுபவருக்குத் தரையை விடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது: சிற்றுண்டி, வாகனத் தரிப்பிடம், விளம்பரப் பலகை ஆகியவற்றின் வருமானத்தில் பெரும் பகுதி அரங்கை வைத்திருப்பவருக்கே போகும், நாட்களைத் தெரிவு செய்யும் உரிமையும் அவருடையதே.

அந்தக் கழகம் 2017 இலும் 2018 இலும் பட்டம் வென்றது. முதற் பட்டத்துக்கு முன்பே உரிமையாளர் குழு நகர சபையிடம் போயிருந்தது. 2017 இல் நகர சபை நிலத்துக்கும் அடிப்படை வேலைகளுக்குமாக 30 மில்லியன் டொலர் கடன் திரட்ட ஒப்புதல் அளித்தது. அதில் ஒரு பகுதியைக் கழகம் ஆண்டுதோறும் திருப்பிச் செலுத்த வேண்டும் என்பது உடன்பாடு. அரங்கைக் கட்டும் செலவு கழகத்துடையது. 2020 இல், பெருந்தொற்றுக்கு நடுவில், பதினோராயிரத்துக்கு மேற்பட்டோர் இருக்கத்தக்க அரங்கு திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டே அதே உரிமையாளர்கள் தேசிய மகளிர் லீக்கில் ஆடும் பெண்கள் அணியையும் அங்கே குடியமர்த்தினார்கள். அதன் காரணத்தை எளிய கணக்கில் காணலாம். ஓர் அணி தன் லீக்கில் பருவத்துக்குப் பதினைந்து பதினேழு ஆட்டங்களைத்தான் சொந்த மைதானத்தில் ஆடும். மிச்ச நாட்களில் பூட்டிக் கிடக்கும் கட்டடத்துக்கும் புல்லுக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும்.

இனி மறுபக்கம். நியூயோர்க் மாநிலத்தில் ரொச்செஸ்டர் என்ற நகரம் இருக்கிறது. இடைத்தர நகரம் என்பதற்கு அதைவிட நல்ல உதாரணம் கிடையாது. அதன் ரைனோஸ் அணி 1996 இல் தொடங்கி, 1999 இல் மேல்நிலை லீக்கின் கழகங்களையே தோற்கடித்து அமெரிக்கத் திறந்த கிண்ணத்தை வென்றது. பேஸ்போல் அரங்கில் பத்தாயிரம் பேருக்கு மேல் கூடினார்கள். மேல்நிலை லீக்குக்கு உயரும் நம்பிக்கையில் தனி அரங்கைக் கட்டி 2006 இல் திறந்தார்கள். நம்பிய கதவு திறக்கவில்லை, கூட்டம் குறைந்தது, இரண்டு ஆண்டுகளுக்குள் உரிமையாளர் குழு பண நெருக்கடியில் கைமாறியது. 2017 பருவத்தோடு ஆட்டம் நின்றது. 2022 இல் இங்கிலாந்தின் ஜேமி வார்டி பங்காளராக வர, வேறு பெயரில் திரும்பியது. 2023 மார்ச்சில் மீண்டும் மூடப்பட்டது. கிண்ணம் வென்ற ஊர், அரங்கு கட்டிய ஊர், புகழ்பெற்ற ஆட்டக்காரரின் பணம் வந்த ஊர். மூன்றும் இருந்தும் நிற்கவில்லை. லூயிவில் தன்னிடம் இருந்த கூட்டத்துக்கு அளவாகக் கட்டியது. ரொச்செஸ்டர் வரப்போகும் லீக்கை நம்பிக் கட்டியது. வேறு காரணங்களும் இருந்திருக்கும். எனக்குத் தெரியும் வேறுபாடு இதுதான்.

உங்கள் நண்பர் அனுப்பிய கதைகளில் டிட்ரொயிட் சிட்டி இருக்கிறதா? இல்லையென்றால் அதைப் படிக்கச் சொல்லுங்கள். ஐந்து நண்பர்கள் 2012 இல் ஒரு பாடசாலை மைதானத்தில் தொடங்கிய கழகம் அது. கூட்டம் மிஞ்சியதும், பக்கத்து ஹாம்ட்ராமக் நகரில் பாடசாலை நிர்வாகத்துக்குச் சொந்தமான, 1936 இல் கட்டப்பட்டுப் பழுதாகிக் கிடந்த கீவர்த் அரங்கைத் திருத்த முடிவு செய்து, ஊரவரிடமும் இரசிகரிடமும் 7 லட்சத்து 41 ஆயிரம் டொலரைக் கடனாகத் திரட்டி 2016 இல் அங்கே குடியேறினார்கள். அப்போது சொந்த நிலமில்லை, மாளிகையில்லை. இன்று இரண்டாம் நிலை லீக்கில் ஆடுகிறார்கள். ஆறு நண்பர்களுக்கு ஐந்து நண்பர்களின் கதைதான் கிட்டத்தில் இருக்கிறது.

மறுமொழி: கொம்பனித்தெரு கோல்காப்பாளர்

மேலே எழுதியவர் பணக்காரர் பக்கத்திலிருந்து சொன்னார். நான் சப்பாத்துக் கட்டியவன் பக்கத்திலிருந்து சொல்கிறேன். கொழும்பில் பதினொரு ஆண்டுகள், மூன்று கழகங்களுக்காகக் கோல் காத்தேன்.

கணக்கர் தம்பி, உங்களுக்குப் போட்டி இன்னொரு கழகம் அல்ல. இராணுவம், கடற்படை, விமானப்படை, பொலிஸ் ஆகிய அணிகள்தான் போட்டி. திறமையுள்ள இருபது வயதுப் பையனுக்கு அவர்கள் கொடுப்பது நிரந்தர நியமனம், ஓய்வூதியம், முழங்கால் போனால் வைத்தியம், ஆடி முடிந்த பிறகும் ஒரு மேசை. நீங்கள் கொடுக்கப்போவது பத்து மாத ஒப்பந்தம். அவன் தாயாரிடம் போய்க் கேட்டால் எதைத் தெரிவு செய்வார் என்று நினைக்கிறீர்கள்? என்னோடு ஆடியவர்களில் என்னைவிடக் கெட்டிக்காரன் ஒருவன் படை அணிக்குப் போனான். அப்போது அவனைக் கேலி செய்தோம். இன்று அவனுக்கு மாதச் சம்பளம் வருகிறது. நான் இரும்புக்கடையில் விற்பனையில் நிற்கிறேன்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். கழகத்தின் பெயரைக் கேட்காதீர்கள். ஒரு பருவத் தொடக்கத்தில் புதிய உரிமையாளர் வந்தார். விடுதியில் விருந்து, பத்திரிகையாளர், எல்லோருக்கும் பெயர் பொறித்த சீருடை. முதல் மாதச் சம்பளம் நாளுக்கு முன்பே வந்தது. இரண்டாம் மாதம் பத்து நாள் பிந்தியது. அதற்குப் பிறகு மூன்று மாதம் வரவேயில்லை. ஒருநாள் மாலை பயிற்சிக்குப் போனால் மைதானக் கதவு பூட்டியிருந்தது. மைதானத்துக்கு வாடகை கட்டவில்லை என்று காவலாளி சொன்னார். பதினெட்டுப் பேரும் வீதியோரத்தில் நின்று, பயிற்றுநர் சொற்படி நடைபாதையிலேயே உடற்பயிற்சி செய்துவிட்டு வீட்டுக்குப் போனோம். அந்தச் சீருடை இன்னமும் வீட்டில் இருக்கிறது. என் மனைவி அதால் விசிறியைத் துடைக்கிறார்.

ஆகையால் நான் சொல்வது: இருபத்தைந்து பேரை எடுத்துச் சம்பளம் கொடுக்க முடியாமல் போவதை விட, பதினான்கு பேரை எடுத்து ஆண்டின் கடைசி நாள் வரை கொடுங்கள். மீதி இடங்களுக்கு ஊரின் பத்தொன்பது வயதுப் பையன்களைப் போடுங்கள். உள்ளூர் நிறுவனங்களில், அனுசரணையாளரிடத்தில், ஆட்டக்காரருக்கு அரைநாள் வேலை பேசி எடுங்கள். உங்களில் யாராவது வியாபாரம் செய்பவராக இருந்தால் காசோலையை விட அந்த வேலைதான் பெறுமதி.

பயணத்தையும் மறக்க வேண்டாம். கொழும்புக் கழகத்துக்கு வெளியூர் ஆட்டம் என்றால் பெரும்பாலும் முச்சக்கரவண்டித் தூரம். மட்டக்களப்பிலிருந்து சுகததாச அரங்குக்கோ ரேஸ் கோர்ஸ் மைதானத்துக்கோ வர முந்நூறு கிலோமீற்றருக்கு மேல். இரவு புகையிரதத்தில் மடங்கிக் கிடந்து வந்து மறுநாள் பிற்பகல் வெயிலில் ஆடிய வெளிமாவட்ட அணிகளை நான் எதிர்த்து ஆடியிருக்கிறேன். முதல் அரை மணி நேரம் நன்றாக ஓடுவார்கள். எழுபதாவது நிமிடத்தில் கால் இழுக்கும். அப்போது எங்கள் பயிற்றுநர் வேகமான இருவரை மாற்றி இறக்குவார். ஆட்டத்துக்கு முதல் இரவு தங்கும் செலவு உங்கள் நிரலில் இருக்கிறதா?

மறுமொழி: புதுக்கடைச் சட்டத்தரணி

சம பங்கைப் பற்றிய கேள்விக்கு மட்டும் விடை தருகிறேன். உதைபந்தாட்டம் எனக்குத் தெரியாது, என் தம்பிமார் ஆடியதைப் பார்த்ததோடு சரி.

ஆறு பேருக்கும் சம பங்கு என்பது நட்புக்கு அழகு, நிறுவனத்துக்கு ஆபத்து. மூவர் ஒரு பக்கமும் மூவர் மறுபக்கமும் நின்றால் எந்தத் தீர்மானமும் நிறைவேறாது. அந்த நிலை கட்டாயம் ஒருநாள் வரும், பெரும்பாலும் பயிற்றுநரை நீக்கும் விடயத்தில் வரும். ஒருவரைப் பிரதான உரிமையாளராக ஏற்றுக்கொள்ளுங்கள், அல்லது தீர்மான வாக்கு யாருக்கு என்பதை முன்கூட்டியே எழுதுங்கள். அமெரிக்க விதியில் 35 வீதம் என்று நண்பர் சொன்னதன் பயனும் இதுவே: தொலைபேசி அடித்தால் எடுக்க வேண்டிய ஒருவர் இருக்க வேண்டும்.

அடுத்தது, மேலதிக மூலதனம். இப்படிப்பட்ட முயற்சிகள் முதலாம் ஆண்டில் முறிவதில்லை. எல்லோரும் உற்சாகமாகப் பணம் போட்டிருப்பார்கள். இரண்டாம் ஆண்டின் நடுவில், திட்டமிட்டதை விடக் கூடுதலாகத் தேவைப்படும்போது, ஒருவர் மகளின் பல்கலைக்கழகச் செலவைச் சொல்வார், இன்னொருவர் வீட்டுக் கடனைச் சொல்வார். இரண்டுமே உண்மையாக இருக்கும். அழைக்கும்போது பணம் போடாதவரின் பங்கு என்ன விகிதத்தில் குறையும், விலக விரும்புபவர் யாரிடம் எந்த மதிப்பில் விற்கலாம், இறந்தால் வாரிசுக்கு வாக்குரிமை உண்டா என்பவற்றைப் பங்குதாரர் உடன்படிக்கையில் இப்போதே, எல்லோரும் நல்ல மனநிலையில் இருக்கும்போதே எழுதிக் கையொப்பமிடுங்கள்.

2007 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின் கீழ்த் தனியார் கம்பனியில் பங்குதாரர் 50 பேரை மிஞ்சக் கூடாது. நூற்றுக்கணக்கான ஊரவரைப் பங்குதாரராகச் சேர்க்க விரும்பினால் இந்த எல்லை குறுக்கே வரும். பொதுமக்களிடம் பணம் கேட்பதற்கு வேறு கடுமையான விதிகளும் உண்டு. இலாபத்தைப் பங்கிடும் நோக்கம் உண்மையில் இல்லையென்றால் உத்தரவாதத்தால் வரையறுக்கப்பட்ட கம்பனியைப் பற்றி யோசியுங்கள். அதில் பங்குகள் இல்லை, உறுப்பினர்களே உண்டு. வெளிநாட்டில் உள்ள மூவரும் பங்கு வாங்குவதாயின் வங்கியில் உள்முக முதலீட்டுக் கணக்குத் திறந்து அதனூடாக அனுப்ப வேண்டும். அப்போதுதான் பின்னொரு நாள் விற்றுப் பணத்தை வெளியே கொண்டுபோவதில் சிக்கல் வராது. உறவினர் கணக்குக்கு அனுப்பி அங்கிருந்து எடுப்பது என்ற பழக்கம் இங்கே நிறைய உண்டு. வேண்டாம்.

இன்னொன்று. 2023 ஜனவரியில் ஃபிஃபா இலங்கை உதைபந்தாட்டச் சம்மேளனத்தை இடைநிறுத்தி, ஓகஸ்ட் மாத இறுதியில்தான் நீக்கியது. ஏழு மாதம். அதில் கழகங்களின் பிழை எதுவும் இல்லை. ஆனால் கழகங்கள்தான் நாட்டு அணியோடு சேர்ந்து சர்வதேசப் போட்டிகளை இழந்தன. உங்கள் அனுசரணை ஒப்பந்தத்தில், போட்டித்தொடர் நடைபெறாத ஆண்டில் அனுசரணையாளர் எவ்வளவு கொடுப்பார், ஆட்டக்காரருக்கு எவ்வளவு கொடுப்பீர்கள் என்ற வாசகம் கட்டாயம் இருக்க வேண்டும். 1973 ஆம் ஆண்டின் 25 ஆம் இலக்க விளையாட்டுச் சட்டத்தின் கீழ் அமைச்சுக்குள்ள அதிகாரங்களையும் ஒரு தடவை படித்துக்கொள்ளுங்கள்.

மறுமொழி: தெமட்டகொடை இரசிகன்

எல்லோரும் அமெரிக்கா வரை போகிறீர்கள், கடலுக்கு அப்பால் கேரளத்தில் கோழிக்கோடு இருப்பதை மறந்துவிட்டீர்கள். சீட்டு நிதித் தொழிலில் வளர்ந்த கோகுலம் குழுமம் 2017 இல் அங்கே கோகுலம் கேரளா கழகத்தைத் தொடங்கியது. 2020–21, 2021–22 ஆகிய இரு பருவங்களிலும் இந்தியாவின் ஐ-லீக் உதைபந்தாட்டத் தொடரில் பட்டம். பெண்கள் அணிக்கும் இந்தியப் பட்டங்கள். ஆனால் ஐ-லீக்கை வென்ற அணி மேலே உள்ள ஐ.எஸ்.எல். தொடருக்கு உயரலாம் என்ற விதி 2022–23 பருவத்தில்தான் நடைமுறைக்கு வந்தது. இரண்டு தடவை வென்றவர்கள் கீழேயே நின்றார்கள். அதற்கு அடுத்த ஆண்டு வென்ற பஞ்சாப் அணி ஏறிப் போயிற்று. பிறகு 2024 இல் கேரளத்துக்கென்றே தனி லீக் தொடங்கியபோது வேறோர் உரிமையாளர் குழு அதே ஊரில், ஊரின் மறுபெயரான காலிகட் என்ற பெயரில் அணியை இறக்கி, கோகுலம் ஆடிய அதே மாநகராட்சி அரங்கில் முதல் பட்டத்தையும் வென்றது. ஊர் தன் பெயரை எவருக்கும் எழுதிக் கொடுப்பதில்லை என்பதைக் கணக்கர் கவனிக்க வேண்டும்.

நம் நாட்டிலும் பெயரை வைத்து ஒன்று நடந்தது. 2020 இல் தொடங்கிய லங்கா பிரீமியர் லீக் கிரிக்கெட்டில் யாழ்ப்பாணத்தின் பெயர் தாங்கிய அணி முதல் ஐந்து பருவங்களில் நான்கு தடவை பட்டம் வென்றது. அந்த ஐந்து பருவங்களிலும் யாழ்ப்பாணத்தில் ஒரு ஆட்டமும் நடக்கவில்லை. என் மனைவியின் ஊர் கொக்குவில். மாமனார் நான்கு கிண்ணங்களையும் தொலைக்காட்சியில்தான் பார்த்தார். அவருக்கு அதில் பெருமை இருந்தது, ஆனால் அடுத்த பருவம் அந்த அணி நடக்காது என்று சொன்னால் அவர் வீதிக்கு இறங்கியிருக்க மாட்டார். மட்டக்களப்பு என்று பெயர் வைத்துக் கொழும்பில் ஆடப்போகிறீர்கள் என்றால் இந்தப் பேச்சே வேண்டியதில்லை.

வினவியவர்: வெள்ளவத்தைக் கணக்கர்

அனைவருக்கும் நன்றி. நேற்றிரவு ஆறு பேரும் பேசினோம். வழக்கத்தை விட இரண்டு மணித்தியாலம் நீண்டது, ஒருவர் கோபித்துக்கொண்டு இடையில் வைத்துவிட்டுத் திரும்ப வந்தார். கோபத்துக்குக் காரணம் வாசல் வருமானத்தைப் பூச்சியமாகப் போட்ட பிறகு வந்த தொகை. அந்தத் தொகையை மூன்று ஆண்டுகளால் பெருக்கி, அதை முழுவதும் இழந்தாலும் நம் வீடுகளில் அடுப்பெரியுமா என்று ஒவ்வொருவரும் தனித்தனியே வீட்டில் கேட்டு வரவேண்டும் என்று தீர்மானித்திருக்கிறோம். லண்டன் நண்பர் தான் நாற்பது வீதத்தைப் பொறுப்பேற்று, அதற்கேற்ற பாரத்தையும் சுமப்பதாகச் சொன்னார். சம பங்கு என்ற பேச்சு அத்தோடு முடிந்தது.

டிட்ரொயிட் கதையைப் படித்த பின் ரொறன்ரோக்காரர் புதிய அரங்கு வரைபடங்களை அனுப்புவதை நிறுத்திவிட்டார். எங்கள் ஊரில் வெபர் மைதானம் என்று ஒன்று இருப்பதும், அது அமெரிக்காவிலிருந்து வந்து எங்கள் பிள்ளைகளுக்கு விளையாட்டுக் கற்பித்த இயேசுசபைத் துறவி ஒருவரின் பெயரைத் தாங்கியிருப்பதும் அவருக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்ததாம். அது பொது மைதானம், எல்லா விளையாட்டுகளுக்கும் நாள் கொடுக்க வேண்டிய இடம். அதை எங்களுக்கென்று கேட்பது முறையல்ல. ஆகவே ஊருக்குச் சற்றுத் தள்ளி உள்ள ஒரு பாடசாலையின் மைதானத்தைப் பார்த்திருக்கிறோம். தரையைத் திருத்தி, வேலியும் விளக்கும் போட்டு, காலையில் பாடசாலைக்கும் மாலையில் கழகத்துக்கும் என்று பத்து ஆண்டு எழுத்துமூல உடன்பாடு கிடைக்குமா என்று வலயக் கல்வி அலுவலகத்தில் விசாரிக்கத் தொடங்கியிருக்கிறோம். பெண்கள் அணியை முதல் ஆண்டிலேயே தொடங்குவது என்ற யோசனையைப் பாடசாலை அதிபரே முன்வைத்தார்.

அடுத்த மாதம் தரையைப் பார்க்க ஒரு பொறியியலாளரோடு போகிறேன். கோல்காப்பாளர் அண்ணாவுக்கு ஒரு கேள்வி: தரையில் எதைப் பார்க்க வேண்டும்?

மறுமொழி: கொம்பனித்தெரு கோல்காப்பாளர்

அடுத்த மாதம் போகாதீர்கள். காய்ந்த காலத்தில் எந்த மைதானமும் நன்றாகத்தான் தெரியும். வாடைக்காற்றோடு மழை தொடங்கிய பின், நவம்பர் நடுப்பகுதியில் போங்கள். பெரிய மழை விட்டதும் கைக்கடிகாரத்தைப் பாருங்கள். இரண்டு கோல் வாய்களிலும் தண்ணீர் எத்தனை மணித்தியாலத்தில் இறங்குகிறது என்று எழுதிக்கொள்ளுங்கள். நடுமைதானத்தை எல்லோரும் பார்ப்பார்கள், கோல் வாயை யாரும் பார்ப்பதில்லை; அங்கேதான் நாங்கள் நின்று நின்று தரை பள்ளமாகிக் கிடக்கும். ஒரு மண்வெட்டி கொண்டுபோய் ஒரு முழ ஆழம் வெட்டிப் பாருங்கள். மணலாக இருந்தால் அதிர்ஷ்டம், களியாக இருந்தால் வடிகாலுக்கு என்ன செலவு என்று பொறியியலாளரிடம் அங்கேயே கேளுங்கள். காவலாளி யார், திறப்பு யார் கையில் இருக்கிறது என்பதையும் விசாரித்து வையுங்கள்.

பையன்களைத் தெரிவு செய்யும் நாளைச் சொன்னால் நான் வருகிறேன். புகையிரதச் சீட்டு மட்டும் போதும்.